ஐரோப்பிய மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு

ஐரோப்பிய மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு என்பது, நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை எந்த அளவுக்கு எதிர்த்து நிற்கின்றன என்பதை ஐரோப்பிய நாடுகளின் மருத்துவ ஆய்வகங்கள் வழியாக ஆண்டுதோறும் அளந்து, ஒப்பிட்டு, வெளியிடும் பன்னாட்டு அமைப்பு ஆகும். இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது இயர்ஸ்-நெட் எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. 1998 ஆம் ஆண்டில் இயர்ஸ் என்ற பெயரில் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2010 சனவரி முதல் சுவீடனில் உள்ள ஐரோப்பிய நோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் இயங்கி வருகிறது. பல நாடுகளின் அன்றாட ஆய்வக முடிவுகளை ஒரே வரையறையின் கீழ்த் திரட்டும் அமைப்புகளில் இது நீண்டகாலமாகத் தொடர்ந்து இயங்கி வரும் ஒன்றாகும். உலக சுகாதார அமைப்பு 2015 இல் தொடங்கிய உலகளாவிய கண்காணிப்புத் திட்டத்துக்கு இதன் பட்டறிவு பெரிதும் பயன்பட்டது.

பின்னணி

ஆன்டிபயாட்டிக் எனப் பொதுவழக்கில் அழைக்கப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்துகள் ஆகும். ஒரு மருந்து தாக்கும்போது அதைத் தாங்கக்கூடிய பாக்டீரியாக்கள் மட்டும் தப்பிப் பெருகுகின்றன. இவ்வாறு மருந்துக்குக் கட்டுப்படாத வகைகள் பரவும் நிலையே மருந்தெதிர்ப்பு எனப்படுகிறது. இங்கு எதிர்ப்பைப் பெறுவது பாக்டீரியாவே அன்றி மனித உடல் அன்று. எனவே இதனை உடலின் நோயெதிர்ப்புத் திறனுடன் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

மருந்தெதிர்ப்பைக் கண்காணிப்பது ஏன் தேவை என்பதை ஒரு மருத்துவரின் நிலையில் இருந்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். குருதியில் பாக்டீரியா பரவிய நோயாளி ஒருவருக்கு முதல் சில மணி நேரத்துக்குள் தகுந்த மருந்து தரப்பட வேண்டும். ஆனால் எந்தப் பாக்டீரியா, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற ஆய்வக முடிவு வருவதற்குப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று நாட்கள் ஆகும். அதுவரை மருத்துவர் ஊகத்தின் அடிப்படையிலேயே மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த ஊகம் சரியாக அமைவதற்கு, அப்பகுதியில் பரவியுள்ள பாக்டீரியாக்களில் எத்தனை விழுக்காடு எந்த மருந்தை எதிர்க்கின்றன என்ற தகவல் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தகவல் இல்லாவிடில் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. பயனற்ற மருந்து தரப்பட்டு நோயாளி இறக்க நேரிடலாம். அல்லது அச்சத்தினால் எல்லோருக்கும் கடைசி நிலை மருந்துகளே தரப்பட்டு, அவற்றுக்கும் எதிர்ப்பு விரைந்து உருவாகலாம்.

பாக்டீரியாக்கள் நோயாளிகளுடனும் பயணிகளுடனும் எல்லை கடந்து செல்வதால், ஒரு நாடு தன் எல்லைக்குள் மட்டும் கணக்கெடுப்பது போதுமானதாக இல்லை. அண்டை நாட்டில் ஓர் எதிர்ப்பு வகை பரவத் தொடங்கியதை அறிந்தால்தான், அங்கிருந்து மாற்றப்படும் நோயாளிகளை முன்கூட்டியே சோதித்துத் தனிமைப்படுத்த இயலும்.

வரலாறு

1990களின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் சில நாடுகள் மட்டுமே ஒழுங்கான தேசியக் கணக்கெடுப்பை வைத்திருந்தன. டென்மார்க் 1995 இல் மனிதர், கால்நடை, உணவு ஆகிய மூன்றையும் இணைத்துக் கண்காணிக்கும் டான்மேப் திட்டத்தைத் தொடங்கியது. பிற நாடுகளில் தனித்தனி மருத்துவமனைகளின் ஆய்வுக் கட்டுரைகளே கிடைத்தன. அவை வெவ்வேறு முறைகளைப் பின்பற்றியதால் ஒன்றோடொன்று ஒப்பிட இயலாதவையாக இருந்தன.

1998 செப்டம்பரில் டென்மார்க்கின் தலைநகர் கோபனாவனில் நடைபெற்ற ஐரோப்பிய ஒன்றிய மாநாடு, மருந்தெதிர்ப்பைத் தனியொரு நாட்டின் சிக்கலாகக் கருத இயலாது என்று கூறி, பொதுவான கண்காணிப்பு முறையைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஆணையத்தின் நிதியுதவியுடன் இயர்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. நெதர்லாந்தின் பில்தோவன் நகரில் உள்ள தேசிய பொதுச் சுகாதார மற்றும் சுற்றுச்சூழல் நிறுவனம் இதனை ஒருங்கிணைத்தது. 1999 இல் இரண்டு பாக்டீரியா இனங்களுக்கான தரவுகளுடன் தொடங்கிய இத்திட்டம், பத்தாண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 900 ஆய்வகங்களைக் கொண்டதாக வளர்ந்தது.

ஐரோப்பிய நோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு மையம் 2005 இல் செயல்படத் தொடங்கியது. நிதி முடிந்தவுடன் நின்றுவிடக்கூடிய திட்டமாக இருந்த இயர்ஸ், 2010 சனவரியில் இம்மையத்திடம் ஒப்படைக்கப்பட்டு நிலையான பொதுப் பணியாக மாறியது. பெயரும் இயர்ஸ்-நெட் என மாற்றப்பட்டது.

இம்மாற்றத்தால் ஓர் இழப்பும் நேர்ந்தது. புதிய மையம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளையும் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பைச் சேர்ந்த நாடுகளையும் மட்டுமே உள்ளடக்கியதால், துருக்கி முதலிய நாடுகள் வலையமைப்புக்கு வெளியே நின்றன. இவ்விடைவெளியை நிரப்ப, உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய மண்டல அலுவலகமும் பில்தோவன் நிறுவனமும் ஐரோப்பிய மருத்துவ நுண்ணுயிரியல் மற்றும் தொற்றுநோய்க் கழகமும் இணைந்து 2012 இல் சீசர் என்ற இணை வலையமைப்பைத் தொடங்கின. மேற்குப் பால்கன், கிழக்கு ஐரோப்பா, நடு ஆசியா ஆகியவற்றின் நாடுகள் இதில் இணைந்தன. இரண்டும் ஒரே வரையறைகளைப் பின்பற்றுவதால் 2022 இல் முதன்முறையாகக் கூட்டறிக்கை வெளியிட இயன்றது.

கண்காணிக்கப்படும் பாக்டீரியாக்கள்

எல்லாப் பாக்டீரியாக்களையும் கண்காணிப்பது இயலாத செயல் என்பதால், மனிதருக்குக் கடும் நோயை உண்டாக்குவனவும் மருந்தெதிர்ப்பு மிகுந்து காணப்படுவனவும் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவை சேர்க்கப்பட்ட ஆண்டுகளுடன் கீழே தரப்படுகின்றன.

* ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே (1999): நுரையீரல் அழற்சி, மூளையுறை அழற்சி ஆகியவற்றை உண்டாக்குவது. பெனிசிலின், மேக்ரோலைடு ஆகியவற்றுக்கான எதிர்ப்பு அளக்கப்படுகிறது.
* ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (1999): தோல், எலும்பு, குருதி ஆகியவற்றைத் தாக்குவது. மெத்திசிலினை எதிர்க்கும் வகை எம்ஆர்எஸ்ஏ எனப் பரவலாக அறியப்படுகிறது.
* எஷரிக்கியா கோலை (2001): சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் குருதித் தொற்றுக்கும் முதன்மைக் காரணம். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், ஃபுளோரோகுவினோலோன், கார்பாபெனெம் முதலிய மருந்துகளுக்குச் சோதிக்கப்படுகிறது.
* என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ், என்டரோகாக்கஸ் ஃபீசியம் (2001): வான்கோமைசின் எதிர்ப்பு முக்கியமாகக் கவனிக்கப்படுகிறது.
* கிளெப்சியெல்லா நிமோனியே (2005): மருத்துவமனைகளில் பரவும் தன்மை மிகுந்தது. கார்பாபெனெம் எதிர்ப்பு முக்கியமாகக் கவனிக்கப்படுகிறது.
* சூடோமோனாஸ் ஏருகினோசா (2005): தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளைத் தாக்குவது.
* அசினெட்டோபாக்டர் இனங்கள் (2012 ஆம் ஆண்டுத் தரவுகள் முதல்): பல மருந்துகளை ஒருசேர எதிர்ப்பவை.

கார்பாபெனெம் மருந்துகள் பிற மருந்துகள் பயன்தராத நிலையில் தரப்படுபவை. அவற்றையும் எதிர்க்கும் பாக்டீரியாவுக்குக் கொலிஸ்டின் போன்ற நச்சுத்தன்மை மிகுந்த பழைய மருந்துகளோ, விலை மிகுந்த ஒரு சில புதிய மருந்துகளோதான் எஞ்சுகின்றன. இதனால் கார்பாபெனெம் எதிர்ப்பு எண்கள் வலையமைப்பின் அறிக்கைகளில் மிகவும் கவனிக்கப்படுபவையாக உள்ளன.

செயற்படும் முறை

மாதிரிகள்

குருதி, மூளைத்தண்டுவட நீர் ஆகிய இரண்டில் இருந்து வளர்த்தெடுக்கப்படும் பாக்டீரியாக்கள் மட்டுமே கணக்கில் சேர்க்கப்படுகின்றன. இவை இரண்டும் இயல்பில் பாக்டீரியா அற்றவை. எனவே இவற்றில் பாக்டீரியா காணப்பட்டால் அது பெரும்பாலும் உண்மையான தொற்றையே குறிக்கும். சளி, தோல், சிறுநீர் ஆகியவற்றில் தீங்கு செய்யாமல் தங்கியிருக்கும் பாக்டீரியாக்களும் கிடைக்கும் என்பதாலும், அம்மாதிரிகளை எடுக்கும் வழக்கம் நாட்டுக்கு நாடு மிகவும் வேறுபடுவதாலும் அவை தவிர்க்கப்பட்டன.

ஒரே நோயாளியிடம் இருந்து பலமுறை குருதி எடுக்கப்படலாம். குணமாகாத நோயாளிகளிடம் இருந்து மாதிரிகள் மிகுதியாக எடுக்கப்படும் என்பதால், எல்லாவற்றையும் எண்ணினால் எதிர்ப்பு விழுக்காடு செயற்கையாக உயர்ந்துவிடும். ஆகவே ஓர் ஆண்டில் ஒரு நோயாளிக்கு ஒவ்வொரு பாக்டீரியா இனத்திலும் முதலில் கிடைத்த மாதிரி மட்டுமே எண்ணப்படுகிறது.

ஆய்வகச் சோதனை

நோயாளியின் குருதி, ஊட்ட நீர்மம் உள்ள புட்டியில் இடப்பட்டு வெப்பப் பெட்டியில் வைக்கப்படுகிறது. பாக்டீரியா வளர்ந்ததும் அதன் இனம் கண்டறியப்படுகிறது. பின்னர் மருந்துணர்வுச் சோதனை செய்யப்படுகிறது. இதற்கு இரண்டு முறைகள் பரவலாக உள்ளன.

வட்டுப் பரவல் முறையில், பாக்டீரியா பூசப்பட்ட ஏகார் தட்டின் மீது மருந்து தோய்ந்த காகித வட்டுகள் வைக்கப்படுகின்றன. மருந்து பரவிய இடத்தில் பாக்டீரியா வளராமல் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். அவ்வளையத்தின் விட்டம் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. மற்றொரு முறையில், மருந்தின் செறிவைப் படிப்படியாக இரட்டித்துக்கொண்டே சென்று, பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு கண்டறியப்படுகிறது. இது சிறுமத் தடுப்புச் செறிவு எனப்படும்.

முறிவுப் புள்ளிகள்

அளவு கிடைத்தபின், அதனைக் கொண்டு பாக்டீரியா மருந்துக்குக் கட்டுப்படுமா, எதிர்க்குமா எனத் தீர்மானிக்க ஓர் எல்லைக்கோடு தேவை. இது முறிவுப் புள்ளி எனப்படுகிறது. நாடுகளுக்கு இடையேயான ஒப்பீட்டில் நீண்டகாலம் பெரும் தடையாக இருந்தது இதுவே ஆகும்.

எடுத்துக்காட்டாக, 2018 இல் எஷரிக்கியா கோலை ஒன்றின் சிப்ரோஃபுளோக்சசின் சிறுமத் தடுப்புச் செறிவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் எனக் கொள்வோம். அமெரிக்காவின் மருத்துவ மற்றும் ஆய்வகத் தரநிலை நிறுவனத்தின் அன்றைய விதிப்படி அது மருந்துக்குக் கட்டுப்படுவது. ஐரோப்பிய மருந்துணர்வுச் சோதனைக் குழுவான யூகாஸ்டின் விதிப்படி அது எதிர்ப்பது. பாக்டீரியா ஒன்றே, அளவும் ஒன்றே, ஆனால் முடிவு மட்டும் வேறு. அமெரிக்க நிறுவனம் 2019 இல் தன் எல்லையைக் குறைத்துக்கொண்டது.

தொடக்க ஆண்டுகளில் இயர்ஸ் ஆய்வகங்கள் வெவ்வேறு விதிகளைப் பின்பற்றின. படிப்படியாக யூகாஸ்ட் விதிகளுக்கு மாறிய பின்னர், 2019 ஆம் ஆண்டுத் தரவுகளில் இருந்து அவ்விதிகளைப் பின்பற்றிய முடிவுகள் மட்டுமே ஏற்கப்படுகின்றன. அதே 2019 இல் யூகாஸ்ட், இடைநிலை என்று அதுவரை வழங்கிய பிரிவுக்கு, மருந்தளவைக் கூட்டினால் கட்டுப்படும் என்ற புதிய பொருளை வழங்கியது. இத்தகைய மாற்றங்கள் நிகழும் ஆண்டுகளில் வரைபடத்தில் காணும் ஏற்ற இறக்கம் உண்மையானதா அல்லது விதி மாற்றத்தால் வந்ததா என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

தரக் கட்டுப்பாடு

விதி ஒன்றாக இருந்தாலும் ஆய்வகங்களின் திறன் ஒன்றாக இருப்பதில்லை. இதனை அறிய, ஆண்டுதோறும் பங்கேற்கும் ஆய்வகங்களுக்கு ஒரே வகையான பாக்டீரியாக்கள், அவற்றின் தன்மை தெரிவிக்கப்படாமல் அனுப்பப்படுகின்றன. ஆய்வகங்கள் அவற்றை நோயாளியின் மாதிரியைப் போலவே சோதித்து விடையளிக்க வேண்டும். விடைகள் மேற்கோள் ஆய்வகத்தின் முடிவுகளோடு ஒப்பிடப்படுகின்றன. 2000 ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் இப்பணியை ஐக்கிய இராச்சியத்தின் தேசிய வெளித் தர மதிப்பீட்டுச் சேவை நடத்தியது. எல்லைக்கோட்டின் அருகே உள்ள பாக்டீரியாக்களிலேயே ஆய்வகங்களுக்கு இடையே கருத்து வேறுபாடு மிகுதியாகக் காணப்படுவது வழக்கம்.

தரவு திரட்டல்

ஆய்வகங்கள் தம் முடிவுகளை முதலில் தேசிய ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புகின்றன. அங்கு இரட்டிப்புப் பதிவுகள் நீக்கப்பட்டு, வழக்கத்துக்கு மாறான முடிவுகள் சரிபார்க்கப்படுகின்றன. பின்னர் அவை நோயாளியின் பெயர் முதலிய அடையாளங்கள் இன்றி ஐரோப்பிய மையத்துக்குச் செல்கின்றன. தரவுகளை ஒழுங்குபடுத்தப் பல ஆய்வகங்கள் ஹூநெட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மருத்துவமனை ஒன்றில் உருவாக்கப்பட்டு 1989 முதல் வழங்கப்படும் இம்மென்பொருள், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது.

விழுக்காடும் நிகழ்வு வீதமும்

வலையமைப்பின் முதன்மை அளவீடு விழுக்காடு ஆகும். அதாவது சோதிக்கப்பட்ட பாக்டீரியாக்களில் எத்தனை விழுக்காடு மருந்தை எதிர்த்தன என்பதே தரப்படுகிறது. இது எளிதில் புரியக்கூடியது எனினும், தனித்து நோக்கினால் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக் கூடியது.

பத்து இலட்சம் மக்கள் வாழும் இரு நகரங்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் நகரில் காய்ச்சலுடன் சேர்க்கப்படும் நோயாளிகள் அனைவரிடமும் குருதி எடுத்துச் சோதிக்கப்படுகிறது. 1,000 தொற்றுகள் கண்டறியப்பட்டு, அவற்றில் 100 மருந்தை எதிர்ப்பவையாக உள்ளன. இரண்டாம் நகரில் முதல் மருந்து பயன்தராதவர்களிடம் மட்டுமே குருதி எடுக்கப்படுகிறது. அங்கு 200 தொற்றுகள் கண்டறியப்பட்டு, 80 எதிர்ப்பவையாக உள்ளன. விழுக்காட்டின்படி முதல் நகரில் 10, இரண்டாம் நகரில் 40. ஆனால் இலட்சம் மக்களுக்கான நிகழ்வு வீதமோ முதல் நகரில் 10, இரண்டாம் நகரில் 8 ஆகும். விழுக்காடு இரண்டாம் நகரை மிகவும் மோசமாகக் காட்டுகிறது. நிகழ்வு வீதமோ, சோதிக்கப்படாதவர்களை விட்டுவிடுவதால், அதனைச் சற்று நல்லதாகக் காட்டுகிறது. உண்மை நிலையை அறிய, எத்தனை பேரிடம் குருதி எடுக்கப்பட்டது என்ற மூன்றாவது எண்ணும் தேவைப்படுகிறது.

இக்காரணத்தினால் இயர்ஸ்-நெட் ஒவ்வொரு நாட்டின் தரவுடனும், அது மக்கள்தொகையில் எத்தனை விழுக்காட்டினரை உள்ளடக்குகிறது, மருத்துவமனைகள் அந்நாட்டைச் சரியாகப் பிரதிபலிக்கின்றனவா, ஆயிரம் நோயாளி நாட்களுக்கு எத்தனை குருதி வளர்ப்புகள் செய்யப்பட்டன என்ற விவரங்களையும் வெளியிடுகிறது. அண்மைக்கால அறிக்கைகளில் இலட்சம் மக்களுக்கான நிகழ்வு வீத மதிப்பீடும் சேர்க்கப்படுகிறது.

முக்கிய முடிவுகள்

வடக்கு தெற்கு வேறுபாடு

முதல் அறிக்கைகளில் இருந்தே தெளிவாகத் தென்பட்டது ஐரோப்பாவின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையேயான வேறுபாடு ஆகும். நார்டிக் நாடுகளிலும் நெதர்லாந்திலும் எதிர்ப்பு மிகக் குறைவாகவும், தெற்கு, தென்கிழக்கு நாடுகளில் மிகுந்தும் காணப்படுகிறது. மருந்து நுகர்வைக் கணக்கிடும் மற்றொரு ஐரோப்பிய வலையமைப்பின் தரவுகளுடன் இதனை ஒப்பிட்டு, பெல்ஜிய நுண்ணுயிரியலாளர் ஹெர்மன் கூசென்சும் அவர்தம் குழுவினரும் 2005 இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நுண்ணுயிர் எதிர்ப்பிகளை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளிலேயே மருந்தெதிர்ப்பும் மிகுதியாக உள்ளது என அவ்வாய்வு காட்டியது.

ஐக்கிய இராச்சியத்தில் எம்ஆர்எஸ்ஏ

2000களின் தொடக்கத்தில் ஐக்கிய இராச்சியத்தில் குருதியில் கண்டறியப்பட்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியசில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மெத்திசிலினை எதிர்த்தன. நெதர்லாந்திலோ அது 1 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஐரோப்பிய வரைபடத்தில் தம் நாடு அடர்ந்த நிறத்தில் காணப்பட்டது அங்கு அரசியல் விவாதமாக மாறியது. இங்கிலாந்தில் 2001 முதல் மருத்துவமனைகள் இத்தொற்றைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. 2008க்குள் எம்ஆர்எஸ்ஏ குருதித் தொற்றைப் பாதியாகக் குறைக்கும் இலக்கை அரசு 2004 இல் அறிவித்தது. கை கழுவுதல், குருதிக் குழாய்ச் செருகிகளைக் கவனமாகக் கையாளுதல், மருத்துவமனையில் சேரும்போதே சோதித்தல் ஆகியன வலியுறுத்தப்பட்டன. இலக்கு எட்டப்பட்டது. 2011 இல் ஐக்கிய இராச்சியத்தின் எதிர்ப்பு விழுக்காடு 15க்கும் கீழ் இறங்கியிருந்தது. மருந்தெதிர்ப்பு உயர்ந்துகொண்டே செல்ல வேண்டும் என்பது விதியன்று எனக் காட்டுவதற்கு இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

இத்தாலியில் கார்பாபெனெம் எதிர்ப்பு

எதிர்த்திசையில் அமைந்த நிகழ்வு இத்தாலியில் ஏற்பட்டது. அங்கு கிளெப்சியெல்லா நிமோனியேயில் கார்பாபெனெம் எதிர்ப்பு 2009 இல் 1 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 2010 இல் அது ஏறக்குறைய 15 விழுக்காடாகவும், 2011 இல் ஏறக்குறைய 27 விழுக்காடாகவும் உயர்ந்தது. கார்பாபெனெமைச் சிதைக்கும் கேபிசி என்ற நொதியைக் கொண்ட ஒரு குறிப்பிட்ட மரபுவழி மருத்துவமனைகளுக்கு இடையே வேகமாகப் பரவியதே இதற்குக் காரணம் ஆகும். கிரேக்கத்தில் இவ்வெதிர்ப்பு அதற்கு முன்னரே பரவி, 2011 இல் 68 விழுக்காட்டை எட்டியிருந்தது.

இந்நிகழ்வு கண்காணிப்பின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுகிறது. பரவலின் அளவை ஐயத்துக்கு இடமின்றிப் பதிவு செய்தது ஆண்டறிக்கையே. எனினும் ஓர் ஆண்டின் எண்கள் அடுத்த ஆண்டின் இறுதியில் வெளிவரும்போது பாக்டீரியா பல மருத்துவமனைகளில் வேரூன்றிவிட்டிருந்தது. இத்தாலிய அரசு 2013 இல் இவ்வகைத் தொற்றுகளை உடனுக்குடன் அறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அதன்பின் முன்போன்ற பாய்ச்சல் நிகழவில்லை என்றாலும், எதிர்ப்பு 2009க்கு முந்தைய நிலைக்குத் திரும்பவில்லை.

உயிரிழப்பு மதிப்பீடு

வலையமைப்பின் தரவுகளைக் கொண்டு கணிக்கப்பட்டு 2018 இறுதியில் வெளியான ஆய்வு ஒன்று, 2015 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பொருளாதாரப் பரப்பிலும் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாத் தொற்றுகள் ஏறக்குறைய 6,70,000 எனவும், அவற்றால் நேர்ந்த உயிரிழப்புகள் ஏறக்குறைய 33,000 எனவும் மதிப்பிட்டது. இன்ஃபுளுவென்சா, காசநோய், எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் சேர்ந்து ஏற்படுத்தும் நோய்ச்சுமைக்கு இது ஏறக்குறைய ஈடானது ஆகும். 2016 முதல் 2020 வரையான ஆண்டுகளுக்கான பிந்தைய மதிப்பீடு, ஆண்டுக்கு 35,000க்கும் மேற்பட்ட உயிரிழப்புகளைக் காட்டியது.

2030 ஆம் ஆண்டு இலக்குகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர் அவை 2023 சூனில், 2019 ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு 2030க்குள் எட்ட வேண்டிய இலக்குகளைப் பரிந்துரைத்தது. எம்ஆர்எஸ்ஏ குருதித் தொற்று நிகழ்வை 15 விழுக்காடும், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினை எதிர்க்கும் எஷரிக்கியா கோலை தொற்றை 10 விழுக்காடும், கார்பாபெனெமை எதிர்க்கும் கிளெப்சியெல்லா நிமோனியே தொற்றை 5 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்பன அவை. இவ்விலக்குகளை அளக்கும் கோல் இயர்ஸ்-நெட் தரவுகளே ஆகும். 2023 ஆம் ஆண்டுத் தரவுகளின்படி முதலாவது இலக்கு ஒன்றிய அளவில் முன்னதாகவே எட்டப்பட்டிருந்தது. இரண்டாவதில் சிறு குறைவே காணப்பட்டது. மூன்றாவதிலோ குறைவதற்கு மாறாக 2019 ஐ விட 50 விழுக்காட்டுக்கும் மேல் உயர்வு பதிவாகியது.

குறைபாடுகள்

* குருதி, மூளைத்தண்டுவட நீர் மாதிரிகளை மட்டுமே கொள்வதால், மிகுதியாகக் காணப்படும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளின் எதிர்ப்பு நிலை தெரிவதில்லை.
* பெரிய மருத்துவமனைகள் மிகுதியாகப் பங்கேற்கும் நாடுகளில் எதிர்ப்பு உள்ளதைவிட உயர்ந்து காணப்படலாம்.
* மருந்துணர்வுச் சோதனை பாக்டீரியா எதிர்க்கிறதா என்பதைக் கூறுமே அன்றி, எந்த மரபணுவால் எதிர்க்கிறது என்பதைக் கூறாது. இதற்கு மரபணுத் தொகுதி வரிசைப்படுத்தல் தேவைப்படுகிறது.
* தரவில் நோயாளி பிழைத்தாரா என்ற விவரம் வழக்கமாக இல்லை. ஆகவே உயிரிழப்புகள் நேரடியாக எண்ணப்படாமல் மதிப்பிடப்படுகின்றன.
* பட்டியலில் இல்லாத பாக்டீரியாவில் தோன்றும் புதிய எதிர்ப்பு கவனத்துக்கு வராமல் போகலாம்.

உலகளாவிய கண்காணிப்பு

2015 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை மருந்தெதிர்ப்புக்கான உலகளாவிய செயல்திட்டத்தை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு, கிளாஸ் என்ற உலகளாவிய கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. குருதியுடன் சிறுநீர், மலம், பிறப்புறுப்பு மாதிரிகளையும் இது கணக்கில் கொள்கிறது. 2016 இல் 25 நாடுகள் தரவு வழங்கின. 2023 ஆம் ஆண்டுக்கு 104 நாடுகள் வழங்கின. 2025 அக்டோபரில் வெளியான இதன் அறிக்கையின்படி, 2023 இல் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட பாக்டீரியாத் தொற்றுகளில் ஆறில் ஒன்று மருந்தெதிர்ப்பு உடையது. தென்கிழக்கு ஆசிய மண்டலத்திலும் கிழக்கு நடுநிலக்கடல் மண்டலத்திலும் இது மூன்றில் ஒன்று ஆகும்.

ஏறக்குறைய பாதி நாடுகள் அவ்வாண்டுக்குத் தரவு வழங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. குருதி வளர்ப்புப் புட்டிகள், தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற நுண்ணுயிரியலாளர் ஆகியன இல்லாத மருத்துவமனைகளில் இருந்து தரவு வருவதில்லை. வரைபடத்தில் வெற்றிடமாகக் காணப்படும் நாடுகளில் எதிர்ப்பு இல்லை என்பது இதன் பொருள் அன்று. 2022 இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, 2019 இல் மருந்தெதிர்ப்பை நேரடிக் காரணமாகக் கொண்ட உயிரிழப்புகள் 12.7 இலட்சம் என்றும், அதனோடு தொடர்புடையவை 49.5 இலட்சம் என்றும் கணித்தது. தரவு குறைந்த மேற்கு ஆப்பிரிக்காவிலேயே இறப்பு வீதம் மிகுந்து காணப்பட்டது.

இந்தியத் தொடர்பு

2008 இல் சுவீடனில், முன்னதாக இந்தியாவில் சிகிச்சை பெற்றிருந்த நோயாளி ஒருவரிடம் கார்பாபெனெமைச் சிதைக்கும் புதிய நொதி ஒன்று கண்டறியப்பட்டது. அதற்குப் புது தில்லியின் பெயரால் என்டிஎம்-1 எனப் பெயரிடப்பட்டது. 2010 இல் வெளியான ஆய்வு, சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் ஐக்கிய இராச்சியத்திலும் இந்நொதி காணப்படுவதைக் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அதன் முதல் ஆசிரியர் ஆவார். ஒரு நகரின் பெயரை நொதிக்குச் சூட்டியதற்கு இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதேவேளை, நாடு தழுவிய சொந்தத் தரவு இல்லாததால் அவ்வாய்வை எண்களைக் கொண்டு ஏற்கவோ மறுக்கவோ இயலாத நிலையும் வெளிப்பட்டது.

2012 இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட சென்னைப் பிரகடனம், மருந்து விற்பனைக் கட்டுப்பாட்டையும் தேசியக் கண்காணிப்பையும் வலியுறுத்தியது. 2013 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மர் நிறுவனமும் அதன் முதன்மை மையங்களில் அடங்கும். இந்தியா 2017 இல் கிளாஸ் திட்டத்தில் இணைந்தது.

இவற்றையும் பார்க்க

* நுண்ணுயிர் எதிர்ப்பி
* மருந்தெதிர்ப்பு
* பெனிசிலின்
* எம்ஆர்எஸ்ஏ
* உலக சுகாதார அமைப்பு
* நோய்ப்பரவலியல்